துளித்துளியாய் ஏறும் நீலம்

மயில்துத்தக் கரைசலில் அம்மோனியாவைச் சொட்டுவது பள்ளி ஆய்வகத்தில் ஒரு நிமிட வேலை. மதிப்பெண்ணுக்காகச் செய்பவர்கள் முடிவை மட்டும் பார்ப்பார்கள். அழகெல்லாம் நடுவில்தான் இருக்கிறது. முதல் துளிகளுக்கு வெளிர்நீலக் கரைசல் கலங்கி, திரிந்த பால்போலத் திரள் திரளாய் வீழ்படிவு இறங்கும். மூக்கைச் சுளிக்கவைக்கும் நெடியைப் பொறுத்துக்கொண்டு, சோதனைக் குழாயின் சுவரை ஒட்டி மேலும் சொட்ட வேண்டும், துளிக்கொரு குலுக்கலாக. திரள் கொஞ்சம் கொஞ்சமாய்க் கரைந்து, மண்டியே இல்லாத கருநீலம் குழாய் முழுக்கத் தெளிந்து நிற்கும்.

இந்தக் கருநீலம் அம்மோனியாவிலுள்ள நைட்ரஜனின் கொடை. சாதாரணச் சகப்பிணைப்பில் அணுக்கள் ஆளுக்கொரு எலக்ட்ரான் போட்டுப் பங்கிடும். ஈதல் சகப்பிணைப்பிலோ இரண்டையும் ஒரே அணு தருகிறது. நைட்ரஜனின் 5 வெளிக்கூட்டு எலக்ட்ரான்களில் 3 ஹைட்ரஜன்களோடு போக, ஓர் இணை சும்மா இருக்கிறது. மயில்துத்தத்தில் இடம் காலியாக உள்ள தாமிர அயனியைச் சுற்றி 4 அம்மோனியா மூலக்கூறுகள் சதுரமாக நின்று, தத்தம் இணையை நீட்டுகின்றன. முந்தைய வெளிர்நீலமும் தண்ணீரின் ஆக்சிஜன் இப்படிக் கொடுத்து வந்ததுதான். அம்மோனியா அதை விலக்கிவிட்டு அமர்கிறது. கொடுத்தவரைக் காட்டப் பாடநூல்கள் அம்புக்குறி போடும். எனக்கு அது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனமாகவே படும். உதாரணத்துக்கு, அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிக்கு அம்மோனியா தன் இணையைத் தந்தால் அம்மோனியம் அயனி பிறக்கிறது. அதன் 4 பிணைப்புகளில் ஈந்து வந்தது எது, பங்கிட்டு வந்தது எது என்று யாராலும் பிரித்துக் காட்ட முடியாது.