வெண்முரசு செம்பதிப்பு

ஜெயமோகனின் ‘வெண்முரசு’ மகாபாரதத்தை 26 நாவல்களாக விரித்துச் சொல்லும் தொடர். 2014இல் தொடங்கி 2020இல் நிறைவுற்றது. இதன் செம்பதிப்புகள், அதாவது சேகரித்து வைப்பதற்கான சிறப்புப் பதிப்புகள், வாசகர்களின் முன்பதிவை நம்பி அச்சானவை. கெட்டி அட்டையும், பலவற்றில் இடம்பெற்ற ஓவியர் ஷண்முகவேலின் வண்ண ஓவியங்களும் இவற்றின் அழகு.

இத்தகைய தடித்த புத்தகத்துக்கு உயிர் தையலில் இருக்கிறது. அச்சான தாள்களை ஃபாரம் ஃபாரமாக மடித்து, வரிசைப்படுத்தி, நூலால் தைப்பார்கள். முதுகில் பசை தடவி வலைத்துணி ஒட்டியபின் அட்டை ஏறும். நன்றாகத் தைத்த புத்தகம் எந்தப் பக்கத்தைப் பிரித்தாலும் படிந்து கிடக்கும், தாள் உதிராது.

இப்படிக் கட்டிய புத்தகத்தைத் தபாலிலோ கூரியரிலோ அனுப்பும்போது முதலில் அடிபடுபவை அதன் மூலைகள். அங்கே தனியாக அட்டைத் துண்டுகளை மடித்து வைத்துக் கட்டுவதே நல்ல பாதுகாப்பு.

முன்பணம் கட்டிக் காத்திருக்கும் வாசகரே இத்தகைய பதிப்புகளின் புரவலர்.