துயரம் தொலைத்த சாகசம்: 'ஸ்டார்ம்பிரேக்கர்' திரைப்படத் தழுவல் – ஒரு திறனாய்வு

முன்னுரை

ஆன்டனி ஹோரோவிட்ஸின் அலெக்ஸ் ரைடர் நாவல் வரிசை ஆங்கிலச் சிறார் இலக்கியத்தில் பரவலாக வாசிக்கப்படுவது. அதன் முதல் நாவலான 'ஸ்டார்ம்பிரேக்கர்' 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஜெஃப்ரி சாக்ஸ் இயக்கிய அதன் திரைவடிவம் 2006இல் வெளியாயிற்று. திரைக்கதையை எழுதியவரும் ஹோரோவிட்ஸே. ஆகவே, மூலத்தை உணராதவர் அதனைச் சிதைத்துவிட்டார் என்னும் வழக்கமான குற்றச்சாட்டு இங்குப் பொருந்தாது. கதைப்போக்கு பெரிதும் காக்கப்பட்டிருந்தும் படம் ஏமாற்றமளிப்பதன் காரணத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

கட்டாயத்தின் கதை

பதினான்கு வயது அலெக்ஸ் விரும்பி உளவாளியானவன் அல்லன். பெற்றோரை இழந்த அவனை வளர்த்தவர் தந்தையின் உடன்பிறந்தாரான இயன் ரைடர். அவர் கொல்லப்பட்டபின் உளவுத்துறைத் தலைவர் ஆலன் பிளன்ட் அலெக்ஸைப் பணிக்கு அழைக்கிறார். மறுத்தால், அவனைப் பேணிவரும் அமெரிக்கப் பெண் ஜாக் ஸ்டார்பிரைட் நாட்டைவிட்டு அனுப்பப்படுவாள் என மிரட்டுகிறார். சிறுவனின் அன்பே அரசின் கையில் பிணைப்பொருளாகிறது. பெரியோர் இழைக்கும் இந்த அநீதியே நாவலின் உயிர்நாடி. படத்திலும் மிரட்டல் உண்டு. எனினும் அதன் பாரம் அடுத்தடுத்த காட்சிகளுக்குத் தொடர்வதில்லை. பயிற்சியும் விந்தைக் கருவிகளும் விரைந்து வந்து அதனை மறக்கச் செய்கின்றன.

அறிதல்நிலை மாற்றம்

நாவல் சாவுச் செய்தியுடன் தொடங்குகிறது. இருக்கைப் பட்டை அணியாததால் விபத்தில் இறந்தார் என்னும் விளக்கத்தை அலெக்ஸ் நம்பவில்லை. அவர் அவ்வாறு வண்டி ஓட்டுபவர் அல்லர் என்பதை அவன் அறிவான். பழைய வண்டிகள் நொறுக்கப்படும் இடத்தில் குண்டு துளைத்த காரைக் காண்கிறான். துயரமே இங்குத் துப்பறிதலாகிறது. அவன் அறிவதை மட்டுமே வாசகரும் அறிகின்றனர். படமோ இயன் துரத்தப்பட்டுக் கொல்லப்படுவதை முன்னரே காட்டிவிடுகிறது. பார்வையாளர் அலெக்ஸைவிட மிகுதியாக அறிந்திருப்பதால், அவனுடைய ஐயமும் தனிமையும் வலுவிழக்கின்றன.

தொனிமுரண்

பிளன்ட்டாக வரும் பில் நையின் உணர்ச்சியற்ற பேச்சு பாத்திரத்திற்குப் பொருந்துகிறது. ஆனால் மிக்கி ரூர்க்கின் வில்லன் கேலிச்சித்திரமாகவே எஞ்சுகிறான். ஜாக்கின் வீட்டுச் சண்டையும் நகைப்புக்குரியதாகிறது. நாயகனாக நடித்த அலெக்ஸ் பெட்டிஃபரிடம் உடல்திறன் உண்டு. துயருறுவதற்கான அமைதியைத் திரைக்கதை அவருக்கு வழங்கவில்லை.

முடிவுரை

நாவலின் இறுதியில், பழிவாங்கத் துணியும் அலெக்ஸிடம் பள்ளிக்குத் திரும்புமாறு கூறுபவன் இயனைக் கொன்ற யாசெனே. அரசு காண மறுத்த சிறுவனைக் கொலைகாரன் காண்கிறான். படத்திலும் இருவரும் சந்திக்கின்றனர். முற்காட்சிகள் சிறுவனின் இழப்பை வளர்க்காததால் அச்சந்திப்பில் கசப்பு ஏறவில்லை. திரைவரிசை முதற்படத்துடன் நின்றது. 2020இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடர், இரண்டாம் நாவலை அடிப்படையாகக் கொண்டு கதையைப் புதிதாகத் தொடங்கியது. சிறார்க்குச் சாகசம் போதும் என்னும் எண்ணமே இத்தழுவலின் குறை; சிறுவனின் மறுப்பு இல்லையேல் அவனது துணிவுக்கும் பொருளில்லை.