காலை வாருவது தற்காப்பு ஆகுமா?

தற்காப்பு வீடியோக்களில் ஒரு வாதம் திரும்பத் திரும்ப வருது. கராத்தே, குங்ஃபூ எல்லாம் ரோட்டுச் சண்டைக்கு உதவாதாம். மல்யுத்த வீரர் மாதிரி குனிஞ்சு உள்ளே புகுந்து, எதிராளியின் ரெண்டு காலையும் சேர்த்துப் பிடித்துக் கீழே சாய்த்துவிட்டால் வேலை முடிந்ததாம். இதற்குப் பேர் டபுள் லெக் டேக்டவுன். முழுசா ஒதுக்கிவிட முடியாத வாதம்தான். ஆனால் அதற்குக் காட்டப்படும் ஆதாரங்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கணும்.

முதல் ஆதாரம் மார்க் கோல்மன். 1992 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக மல்யுத்தம் ஆடியவர். 1996-ல் யுஎஃப்சி 10 போட்டிக்குள் வந்து, எதிரே நின்றவர்களை எல்லாம் கீழே சாய்த்து ஜெயித்தார். அப்போது விதிகள் மிகக் குறைவு, தலையால் முட்டவும் அனுமதி உண்டு. அதனால் இது ரோட்டுச் சண்டைக்குச் சமம் என்கிறார்கள். சமம் இல்லை. தரையில் மெத்தை இருந்தது. எதிராளி ஒருத்தர்தான், அவரிடம் கத்தி கிடையாது. நிறுத்தச் சொல்ல நடுவரும் இருந்தார். அடுத்த வருஷமே கிக்பாக்ஸர் மாரிஸ் ஸ்மித்தை இதே கோல்மன் கீழே சாய்த்தார், ஆனால் முடிக்க முடியவில்லை. மூச்சு வாங்கித் தளர்ந்து, தீர்ப்பில் தோற்றார். சாய்ப்பது ஒரு வேலை, முடிப்பது இன்னொரு வேலை.

இரண்டாவது ஆதாரம், 90% சண்டைகள் தரையில்தான் முடியும் என்ற புகழ்பெற்ற வாக்கியம். இதன் வேரைத் தேடினால் லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸின் பலப்பிரயோக அறிக்கைகளில் போய் நிற்கிறது. போலீஸின் வேலையே ஆளைத் தரையில் அமுக்கி விலங்கு மாட்டுவதுதான். அவர்கள் சண்டை தரையில் முடிவதில் என்ன ஆச்சரியம்? நமக்கு வேண்டியது வீடு போய்ச் சேருவது. நோக்கமே வேறு என்னும்போது அந்தக் கணக்கு நமக்குப் பொருந்தாது.

இனி செயல்முறை. இந்தப் பிடியில் உடம்பைத் தாழ்த்தி, ஒரு காலை எதிராளியின் கால்களுக்கு நடுவே வைக்கணும். பெரும்பாலும் முழங்கால் தரையைத் தொடும். மெத்தையில் சரி, தார் ரோட்டில் முட்டி என்னாகும்? நம்ம ரெண்டு கையும் அவன் காலில் இருக்க, அவன் ரெண்டு கையும் நம்ம முதுகுக்கு மேல் சும்மா இருக்கும். அதில் கத்தி இருந்தால்? கூட வந்தவன் உதைத்தால்? 2019-ல் பென் ஆஸ்க்ரென் என்ற ஒலிம்பிக் மல்யுத்த வீரர் காலைப் பிடிக்கக் குனிந்தபோது, ஹோர்ஹே மஸ்விடால் பாய்ந்து வந்து முழங்காலால் அடித்தார். 5 விநாடியில் ஆட்டம் முடிந்தது. அவருக்கே அந்த கதின்னா, ஆறு வார வகுப்புக்குப் போனவர் கதி?

பிடி சரியாக விழுந்தாலும் பிரச்சினை தீராது. சிமென்ட்டில் பின்மண்டை மோதினால் ஆள் செத்தே போகலாம். பாரதிய நியாய சன்ஹிதா தற்காப்பு உரிமையைத் தருகிறது, ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது என்ற வரம்போடுதான் தருகிறது.

அப்போ மல்யுத்தம் வீணா? இல்லவே இல்லை. என் மகளுக்கு ஒரே ஒரு கலைதான் கற்றுத்தரலாம் என்றால் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன், ஆனால் தலைகீழாக. யாராவது காலைப் பிடிக்க வந்தால் இடுப்பைப் பின்னால் தள்ளி, காலை விரித்து, எடையை அவன் மேல் போடும் ஸ்ப்ராலை முதலில் பழகட்டும். பிறகு கைப்பிடியை உடைப்பது, விழுந்தால் சட்டென்று எழுந்து ஓடுவது. ஆள் இறுகக் கட்டிப்பிடித்து, ஓட வழியே இல்லாத நிலையில் மட்டும், நின்றபடியே ஒற்றைக்காலைத் தூக்கிச் சாய்ப்பது. சாய்த்ததும் மேலே உட்காரக்கூடாது, ஓடணும்.

மல்யுத்தம் தரும் பெரிய பலம், நாம் விழாமல் இருப்பது. அந்த வீடியோக்கள் இதைச் சொல்வதில்லை, பார்க்க சுவாரசியமாக இருக்காது என்பதாலோ என்னவோ.