நல்ல மெஷினில்தான் நல்ல கேம் ஓடுமா?

அக்கா பையனுக்கு 17 வயது. கேமிங் கம்ப்யூட்டர் ஏன் வேண்டும் என்று ரூல்டு நோட்டில் நான்கு பக்கம் எழுதி அக்காவிடம் கொடுத்திருக்கிறான். கிராபிக்ஸ் கார்டு, ராம், 144 ஹெர்ட்ஸ் மானிட்டர், கேபினட் என்று எல்லாவற்றுக்கும் விலை போட்டு, கூட்டினால் 1,20,000 ரூபாய். அக்கா அதை அப்படியே என்னிடம் நீட்டினாள். "நீதான் கம்ப்யூட்டர் படிச்சவன். நீ சரின்னு சொன்னா வாங்கித் தர்றேன்." அவனுடைய காலேஜ் ஃபீஸுக்கென்று சேர்த்த பணத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். சும்மா தலையாட்டிவிட முடியாது.

இரண்டு முறை படித்தேன். பையன் நன்றாகவே எழுதுகிறான். ஆனால் வாதம் முழுவதும் ஒரே வரியின் மேல் நிற்கிறது: நல்ல கேம் என்றால் நல்ல கிராபிக்ஸ், அதற்கு நல்ல மெஷின் வேண்டும். அந்த வரியை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

என் தலைமுறைக்கு இந்த நம்பிக்கையின் பெயர் கிரைசிஸ். ஜெர்மனியின் கிரைடெக் 2007 நவம்பரில் வெளியிட்ட கேம். "உன் மெஷின்ல கிரைசிஸ் ஓடுமா?" என்பது அன்றைக்கு உலகம் முழுக்க ஓடிய ஜோக். அது அவ்வளவு திணறியதற்குக் கிராபிக்ஸ் மட்டும் காரணமில்லை. பிராசஸரின் ஒரு கோர் மேலும் மேலும் வேகமாகும் என்று எதிர்பார்த்து எழுதப்பட்ட நிரல் அது. தொழில்நுட்பமோ கோர்களின் எண்ணிக்கையைக் கூட்டும் பக்கம் திரும்பிவிட்டது. இன்டெல் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தை 2004-லேயே கைவிட்டிருந்தது. அதனால் பின்னால் வந்த நல்ல மெஷின்களிலும் கிரைசிஸ் சில இடங்களில் மூச்சு வாங்கியது.

ஆனாலும் அதன் முதல் பாதி அருமை. அங்கே காட்சி வெறும் அலங்காரமில்லை. குண்டு பட்டால் மரம் முறியும், குடிசை சரியும், எதிரி ஒளிந்திருக்கும் இடமே இல்லாமல் போகும். தீவு திறந்து கிடக்கிறது, எந்தப் பக்கமும் போகலாம். பின்பாதியில் தீவு பனியாக உறைகிறது, வேற்றுக்கிரகவாசிகள் வருகிறார்கள். காட்சி இன்னும் பிரமாண்டம், மெஷினுக்கு அதே சுமை. ஆனால் நாம் ஒரே பாதையில் நடந்து சுட்டுக்கொண்டே போகிறோம், முடிவெடுக்க ஒன்றும் மிச்சமில்லை. கிராபிக்ஸ் குறையவில்லை, கேம் குறைந்துவிட்டது. பையனின் வரிக்கு முதல் பதில் இதுதான்.

இரண்டாவது பதில், 2013-ல் லூகாஸ் போப் என்பவர் செய்த 'பேப்பர்ஸ், பிளீஸ்'. என் பழைய ஆபீஸ் லேப்டாப்பிலேயே ஓடுகிறது. மங்கலான நிறம், கட்டம் கட்டமான முகங்கள். அர்ஸ்டோட்ஸ்கா என்ற கற்பனை நாட்டில், 1982-ல், எல்லைச் சாவடியில் பாஸ்போர்ட் பார்ப்பவர் நாம். எத்தனை பேரைப் பார்க்கிறோமோ அத்தனைக்குத்தான் சம்பளம். ஒரு நாளில் இரண்டு தப்புக்கு எச்சரிக்கை, மூன்றாவதிலிருந்து அபராதம். மாலையில் வாடகை, சாப்பாடு, சூடு, மருந்து. பணம் போதாவிட்டால் எதை விடுவது என்று நாமேதான் முடிவு செய்ய வேண்டும்.

ஒரு நாள் கணவனும் மனைவியும் வருகிறார்கள். கணவனின் காகிதங்கள் சரி, மனைவியிடம் நுழைவு அனுமதி இல்லை. இங்கே மேஜை வேண்டுமென்றே சின்னதாக வைக்கப்பட்டிருக்கிறது. காகிதங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறுகின்றன, கடிகாரம் ஓடுகிறது, வரிசை நிற்கிறது. அந்த இடநெருக்கடிதான் கேம். மேஜையைப் பெரிதாக்கினால் கதையே போய்விடும்.

இதை அவனிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "மாமா, நீங்க சொல்றதெல்லாம் தனியா ஆடுற கேம். நான் ஆடுறது வேலரன்ட். அங்க பிரேம் ரேட்டுதான் ஆட்டம்" என்றான்.

அது உண்மை. 60 ஹெர்ட்ஸில் ஒரு பிரேமுக்கு 16.7 மில்லி செகண்ட், 144-ல் சுமார் 7. எதிரில் இருப்பவன் மூலையிலிருந்து தலை நீட்டுவதை முன்னதாகவே பார்க்கிறான். அங்கே வேகம் ஆடம்பரமில்லை, களத்தின் ஒரு பகுதி. எல்லா கேமுக்கும் ஒரே அளவுகோல் வைத்த தப்பை நானும்தான் செய்திருக்கிறேன்.

ஆனால் வேலரன்ட் சாதாரண மெஷின்களிலும் ஓட வேண்டும் என்றே எழுதப்பட்ட கேம். ஆகவே அவன் வாதப்படியே மானிட்டர் இருக்கட்டும், பட்டியலில் பாதி விலையைத் தின்னும் கிராபிக்ஸ் கார்டு வேண்டாம். "எந்த கேம் ஆடப் போறேன்னு முதல்ல எழுது, அப்புறம் மெஷினை எழுது" என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். முகம் சுருங்கித்தான் போனது.

அன்று ராத்திரி என் லேப்டாப்பில் அந்தச் சாவடியில் உட்கார்ந்தான். அன்றைய இரண்டு எச்சரிக்கையும் ஏற்கெனவே வாங்கியாச்சு. அந்த மனைவியைத் திருப்பி அனுப்பிவிட்டான். "ரூல் அதுதானே மாமா?" நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அந்த நாளை முதலிலிருந்து ஆட முடியுமா என்று கேட்டான்.

முடியும் என்றேன். புதுப் பட்டியல் இன்னும் வரவில்லை.