தியோத்திமாவின் கூற்று

பிளேட்டோ இயற்றிய 'சிம்போசியம்' என்னும் விருந்துரையாடலின் கொடுமுடியாக விளங்குவது ஒரு பெண்ணின் கூற்று. கி.மு. 416இல் நாடகப் போட்டியில் வென்ற அகத்தோனின் இல்லத்தில் ஆடவர் கூடிக் காதலின் இயல்பை ஆராய்கின்றனர். பேச்சுத் தொடங்குமுன் குழலூதும் பெண்ணை வெளியே அனுப்பிவிடுகின்றனர். சாக்ரடீஸோ, தம் முறை வந்தபோது, காதலைப் பற்றித் தாம் அறிந்தவை மான்டினேயா நகரத்துத் தியோத்திமா என்பாளிடம் கற்றவை என்கிறார். பெண்ணை விலக்கிய அவையில் பெண்ணின் கருத்தே முடிமணியாகிறது.

இவள் பிளேட்டோவின் கற்பனைப் படைப்பே என்பர் அறிஞர் பலர். இவளைப் பற்றிப் பிளேட்டோவைச் சாராத பழஞ்சான்று இல்லை என்பது அவர் காட்டும் முதற் காரணம். அது மறுத்தற்கரியது. ஆயினும், 'கோர்கியாஸ்' உரையாடலில் வரும் காலிக்ளீஸுக்கும் அத்தகைய சான்று இல்லை. அவனை வரலாற்று மாந்தனாகக் கொள்வார் பலர் உளர். ஒரே அளவுகோல் இருவர்க்கும் வேறுவேறாக நீள்வது வியப்பே.

இரண்டாவது காரணம் இதனினும் கூரியது. காதலர் தம் மறுபாதியைத் தேடுவோர் என்னும் கதையைத் தியோத்திமா மறுக்கிறாள். அக்கதையோ அவ்விருந்தில் அரிஸ்டோபனீஸ் சற்றுமுன் கூறியது. பல்லாண்டுகட்கு முன் கற்பித்தவள் அதனை எங்ஙனம் அறிந்தாள்? இதனால் உரை பிளேட்டோ யாத்தது என்பது பெறப்படும். உரைத்தவள் இலள் என்பது பெறப்படாது.

இவ்வேறுபாட்டை 'மெனெக்ஸெனஸ்' தெளிவுறுத்தும். அதில் வரும் இரங்கலுரையை அஸ்பாசியாவிடம் கற்றதாகச் சாக்ரடீஸ் கூறுகிறார். அவ்வுரை கி.மு. 386ஆம் ஆண்டையொட்டிய அமைதி உடன்படிக்கை வரையில் செல்கிறது. சாக்ரடீஸ் இறந்தது கி.மு. 399இல். எனவே அவ்வுரை புனைவு என்பதில் ஐயமில்லை. ஆயின் மைலீட்டஸில் பிறந்து பெரிகிளீஸின் துணைவியாய் வாழ்ந்த அஸ்பாசியாவைப் புனைவு என்பார் எவருமிலர்.

தியோத்திமா வாழ்ந்தாள் என நிறுவுதல் என் கருத்தன்று. அதற்குச் சான்று போதாது. இருந்தாளா இல்லையா என்னும் வழக்கிலேயே நின்றுவிடுவோர் அவள் நிறுவும் பொருளைக் கடந்துவிடுகின்றனர் என்பதே என் குறை. காதல் கடவுளுமன்று, மானிடமுமன்று, இரண்டிற்கும் இடைப்பட்டது, வளத்திற்கும் வறுமைக்கும் பிறந்தது. உடலைப் போன்றே உயிரும் கருவுற்று அழகின்கண் ஈனும் என்பது அவள் கோட்பாடு. ஓர் உடலின் அழகிலிருந்து எல்லா உடல்களின் அழகுக்கும், பின் ஒழுக்கம், அறிவு எனப் படிப்படியாக ஏறி, மாறா அழகைக் காணும் வழியையும் அவளே வகுக்கிறாள். அந்த ஏற்றத்தைச் சொல்லத் தொடங்குமிடத்தில், அதனைப் பின்தொடரும் ஆற்றல் சாக்ரடீஸுக்கு உண்டோ என்று அவள் ஐயுறுகிறாள். பிளேட்டோவின் பக்கங்களில் சாக்ரடீஸ் இவ்வாறு மாணவராய் அமர்ந்து கேட்கும் இடங்கள் மிகச் சில.