சிவப்புப் பூ மட்டும் போதுமா?

"குழல் போன்ற சிவப்புப் பூக்களை நடுங்கள், சர்க்கரைத் தண்ணீர்ப் புட்டியைத் தொங்கவிடுங்கள், தேனுண்ணும் சிறு பறவைகள் தேடி வரும்!" தோட்டக் குறிப்புகளில் இப்படி ஓர் அறிவுரையை நீங்கள் படித்திருக்கலாம். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை அடுத்தோ, திருவள்ளூர் காக்களூரிலோ உள்ள ஒரு வீட்டுக்கு இது எவ்வளவு தூரம் பொருந்தும்? சற்று ஆராய்வோம்.

இது அமெரிக்கக் கண்டங்களில் ரீங்காரச் சிட்டு எனப்படும் ஹம்மிங் பறவைக்காக எழுந்த அறிவுரை. அப்பறவை வேறு எக்கண்டத்திலும் இயற்கையாக வாழ்வதில்லை. நம் ஊரில் பூவுக்குப் பூ தாவுவது தேன்சிட்டு. தமிழகச் சமவெளியில் ஊதாத் தேன்சிட்டு, ஊதாப்பிட்டத் தேன்சிட்டு, நீண்ட அலகுடைய லோட்டன் தேன்சிட்டு என 3 இனங்களைக் காணலாம். ரீங்காரச் சிட்டும் தேன்சிட்டும் நெருங்கிய உறவினர் அல்ல. பூந்தேனை உண்டு வாழ்வதால் அலகும் நாக்கும் ஒத்தமைந்துள்ளன, அவ்வளவே.

அறிவுரையில் உண்மை இல்லாமல் இல்லை. பறவைகளை நம்பி மகரந்தச் சேர்க்கை பெறும் பூக்கள் பல சிவப்பானவை. இந்தியாவின் பூப்பறவைகளையும் பறவைப்பூக்களையும் பற்றிப் பறவையியல் அறிஞர் சாலிம் அலி 1932இலேயே தனிக் கட்டுரை எழுதியுள்ளார்.

குறைகள் எவை? முதலாவது, ரீங்காரச் சிட்டு அந்தரத்தில் நின்றபடியே தேன் உறிஞ்சும். தேன்சிட்டோ பெரும்பாலும் காம்பைப் பற்றி அமர்ந்தே உண்ணும். ஆகவே பூவோடு உறுதியான கிளையும் வேண்டும்.

இரண்டாவது, குஞ்சுகள் தேனால் மட்டும் வளர்வதில்லை. தாய்ப்பறவை சிலந்திகளையும் சிறு பூச்சிகளையும் ஊட்டுகிறது. கூடு கட்டவும் சிலந்தி நூலையே பயன்படுத்துகிறது. பூச்சிமருந்து தெளித்துவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் வைப்பது, சோற்றைப் பறித்துக்கொண்டு பாயசம் கொடுப்பது போன்றது அல்லவா?

மூன்றாவது, அந்நியச் செடிகள். 'ரீங்காரச் சிட்டுப் புதர்' என்று அமெரிக்காவில் பெயர் பெற்ற ஹமீலியாவுக்குத் தேன்சிட்டும் வரும், மறுப்பதற்கில்லை. ஆனால் அமெரிக்காவிலிருந்து வந்து நம் காடுகளை அடைத்துக்கொண்ட உண்ணிச்செடிக்கும் அது வரத்தான் செய்கிறது! பறவை வருகிறது என்பதே ஒரு செடிக்கு நற்சான்று ஆகாது.

பின் எதை நடுவது? வேலியோரம் ஒரு கல்யாண முருங்கை. கம்பை வெட்டி நட்டாலே துளிர்க்கும். கொல்லையில் முருங்கையும் வாழையும். இவற்றின் பூக்கள் சிவப்பல்ல, எனினும் தேன்சிட்டு விரும்பி நாடும். இடமிருந்தால் சிவந்த பூப் பூக்கும் வலம்புரிப் புதர். மாமரத்தில் புல்லுருவி இருந்தால், வெட்டுமுன் அதன் குழல்பூக்களைச் சில நாள் கவனியுங்கள். தேன்சிட்டுகள் மகரந்தச் சேர்க்கை செய்வதை நேரில் காணலாம். ஒன்று பூத்து ஓயும்போது மற்றொன்று பூக்குமாறு கலந்து நடுவதே முக்கியம்.

தோட்டத்தின் வெற்றியை எதைக்கொண்டு அளப்பது? பூவைத் தேடி வந்த பறவைகளின் எண்ணிக்கை ஓர் அளவு. தாழ்வாரக் கம்பியிலோ கொடியிலோ பை போலத் தொங்கும் கூடு அதைவிடச் சிறந்த அளவு. ஆலைக் கூரைகள் சூழ்ந்த ஊரில் உங்கள் வீட்டு ஒட்டடையைச் சிறிது விட்டுவைத்துப் பாருங்கள். அதன் நூலைப் பிரித்தெடுக்க ஒரு பெண் தேன்சிட்டு வருமானால், உங்கள் தேர்வு சரியானதே.