கணக்கு நோட்டும் கடன் கொப்பியும்

ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் மொட்டைக் கோபுரமாக நின்ற காலம் அது, 1987-க்கு முந்தியது. சித்திரை வீதிகளிலும் உத்திர வீதிகளிலும் மளிகைக் கடைக்குப் போகும் பிள்ளைகள் கையில் காசு இருக்காது. “அப்பா கணக்குல எழுதிக்கோங்க அண்ணாச்சி” என்றால் துவரம்பருப்பு பொட்டலமாகிவிடும். பெல் தொழிற்சாலையிலும் பொன்மலை ரயில்வே பணிமனையிலும் சம்பளம் போட்டதும், முதல் வாரத்தில் நோட்டுக் கணக்கு தீர்ந்துவிடும். அன்று கடைக்காரர் தரும் ஒரு பிடி கற்கண்டுக்காகவே நான் அப்பாவோடு போவேன்.

ஆனால் அந்த நோட்டு எல்லாருக்கும் திறக்கவில்லை. தினக்கூலிக்குப் போனவர் வீட்டுப் பிள்ளை ஐம்பது காசுக்கு எண்ணெய் வாங்க, காசை முதலில் நீட்ட வேண்டியிருந்தது. மாதச் சம்பளம் இருந்த வீட்டைத்தான் கடை நம்பியது.

திருச்சி கொட்டப்பட்டு அகதிகள் முகாமில் தங்கியிருந்த ஈழத்து நண்பர்கள் தங்கள் யாழ்ப்பாணத்து ஊர்க் கடைகளைப் பற்றிச் சொன்னபோதுதான் இந்த வேறுபாடு எனக்கு உறைத்தது. அங்கும் பிள்ளைகள் போய், “அண்ணை, அம்மா கொப்பியில எழுதச் சொன்னவா” என்று சொல்லி ஒரு இறாத்தல் பாணும் சீனியும் வாங்கி வந்திருக்கிறார்கள். ஆனால் அங்கே தோட்டப் பயிர் செய்பவர் வீட்டுக் கடன் மாதத்தோடு முடியாது. வெங்காயமோ புகையிலையோ விற்றுக் காசு வரும்வரை கடைக்காரர் பொறுத்திருப்பார்.

1990-இல் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை வந்தது. மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றரி எல்லாம் அரிதாகின. ஜாம் போத்தலில் திரி போட்டு, சொட்டு எண்ணெயில் பிள்ளைகள் படித்தார்கள். நிவாரண அரிசி கூட்டுறவுச் சங்கக்கடையில் கிடைத்தது, மற்றவற்றுக்குத் தெருக்கடைதான். ரொக்கத்துக்கு விற்றால் பல மடங்கு விலை கிடைக்கும். பதுக்கியவர்கள் இருந்தார்கள். அப்படியும் பழகிய வீட்டுக்கு அரைப் போத்தல் எண்ணெயை எடுத்து வைத்து, கொப்பியில் எழுதிக் கொடுத்தவர்களும் இருந்தார்கள். 1995 அக்டோபர் 30-ஆம் தேதி வலிகாமத்து மக்கள் போருக்கு அஞ்சி ஊரைவிட்டுத் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் அதே கூட்டத்தில் நடந்தார்கள்.

எங்கள் அண்ணாச்சிகளின் நல்ல மனதை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர்களுக்குப் பின்னால் காந்தி மார்க்கெட் மொத்த வியாபாரி இருந்தார். வாங்கியவருக்குப் பின்னால் நிலையான சம்பளம் இருந்தது. யாழ்ப்பாணத்துக் கடைக்காரருக்கு இரண்டுமே உறுதியில்லை. பாதை மூடினால் அடுத்த சரக்கு எப்போது வரும் என்றே தெரியாது. அந்த நிலையில் கடன் எழுதிய கையைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

உங்கள் தெருவில் இன்னும் நோட்டுப் போட்டு எழுதும் கடை இருந்தால், மாதச் சாமானை அங்கேயே வாங்குங்கள். சம்பளம் வந்த வாரமே கணக்கைத் தீர்த்துவிடுங்கள்.